எச்சில் இலையின் பின்னால் ஒரு பயணம்: பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், ஜெஞ்சாரோம்

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஈப்போவில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருக்கிறோம். பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்துக்குத்தான் ஆறு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசலும் திறக்கிறது. மத்தியான வியாபாரம் முடிந்ததும் ஆறு கடையின் எச்சில் இலையும் அங்கே வந்து குவியும். குப்பை லோரி வருவதற்குள் வெயில் தன் வேலையைச் செய்துவிடும். என் மனைவி மாலா அந்த ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, அப்படி ஒரு ஜன்னல் இருப்பதையே மறந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் சாப்பாட்டுக் கடைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துவதாக வீடியோ பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைகளின் எச்சில் இலைகள் ஜெஞ்சாரோமில் ஒரு கொட்டகைக்குப் போகும். அங்கே மீதச் சோற்றையும் குழம்பையும் ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள் தின்று கொழுக்கும். புழு கோழிக்கும் கெளுத்தி மீனுக்கும் தீனி. இலை நறுக்கப்பட்டு உரமாகும். உரம் டெங்கில் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் ஆறு கடைக்காரர்களிடமும் போய்ப் பெருமையாகச் சொன்னேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள். தம்புனில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மட்டும், "வீடியோ கதையெல்லாம் வேணாம் பாஸ். நேர்ல போயி பாத்துட்டு வாங்க. அங்க ஓடுதுன்னா நான் இங்க எடுத்துக்கறேன்," என்றார். ஜன்னல் திறப்பது அவர் கையில் இருந்தது. அதனால் போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடையை மாலாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம். நான் போனபோது டிக்கெட் 46 வெள்ளி, அதாவது ரிங்கிட். காலை வண்டிக்கு இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். குளிர்சாதனத்தில் விறைத்துப்போவீர்கள், ஒரு சட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பத்து நிமிட நடை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பேரங்காடிக்குள் புகுந்து சரியான வாசலில் வெளியே வரத் தெரிந்தவர்களுக்கு அது பத்து நிமிடம். எனக்கு இருபத்தைந்து.

கூட்டமைப்பின் தலைவர் ராஜன் அங்கிளின் கடையில் பதினொரு மணிக்குச் சந்திப்பு. அறுபது வயதிருக்கும், வெள்ளை முழுக்கைச் சட்டை, நல்ல மனிதர். வாசலிலேயே எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். எதற்கு என்று கேட்பதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள். உள்ளே செயற்குழுவினர் மூவர் இருந்தார்கள். ஒருவர் காப்புறுதி முகவர், ஒருவர் கணக்காளர், இன்னொருவர் என்ன செய்கிறார் என்று கடைசிவரை பிடிபடவில்லை. மூவரில் ஒருவரும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கவில்லை. நானும் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தேன். பின்பக்கம் 'இலவசக் கண் பரிசோதனை' என்று அச்சடித்த கார்டு.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வட்டாரக் கூட்டுறவு, பசுமைப் புத்தாக்கம், அடுத்த கட்டம் என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. இலை என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. "இலையை எப்படிங்க அங்கிள் பிரிச்சு வைக்கறீங்க? கொஞ்சம் பின்னால போயி பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் லா, அவசரம் என்னா? அதெல்லாம் கிள்ளான்லதான் நல்லா செய்றாங்க. நீங்க கிள்ளான் போயி பாருங்க," என்றார் ராஜன் அங்கிள்.

பிறகு இலை போட்டுச் சாப்பாடு. குறை சொல்ல முடியாது, அந்த நண்டு மசாலாவுக்காகவே ஒருமுறை போகலாம். சாப்பிட்டு முடித்து எல்லாரும் இலையை அவரவர் பக்கமாக மடித்தோம். சாப்பாடு திருப்தி என்று அதற்கு அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும். மேசையில் கிடந்த டிஷ்யூ எல்லாம் எங்கே போனது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கிள்ளானுக்கு கொமுட்டர் ரயில். ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். அரை மணிக்கு ஒரு வண்டி என்று பலகையில் போட்டிருந்தது. ஐம்பது நிமிடம் நின்றேன். வந்த வண்டி வழியிலும் ஆங்காங்கே நின்று யோசித்தது. கிள்ளானில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தெங்கு கெலானா சாலை, துணிக்கடையும் பூக்கடையும் பாட்டுச் சத்தமும். அங்கே அமுதா அக்காவின் கடை. கூட்டமைப்பில் இவரும் உறுப்பினர். கல்லாவில் உட்கார்ந்தபடி கடையின் நான்கு மூலையையும் அதட்டும் குரல் அவருக்கு.

"சாப்பிடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்."

"இப்பத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்பிட்டுட்டு வர்றேன் அக்கா."

"அங்க சாப்பிட்டீங்க, சரி. இங்க சாப்பிட வேணாமா?"

மூன்று மணிக்கு இரண்டாவது மத்தியானச் சாப்பாடு. மேசை சின்னது. அதிலும் நடுவில் ஒரு பழைய பால் டின்னை வைத்து இடத்தை அடைத்திருந்தார்கள். விளிம்பில் துரு. இலையைக் கொஞ்சம் வளைத்துத்தான் போட முடிந்தது. இந்த டின்னை எடுத்தெறிந்தால் என்ன என்று மனசுக்குள் திட்டியபடியே வாயைத் துடைத்து டிஷ்யூவை அதில் போட்டேன்.

இலையை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அக்கா, "நாங்க ஒண்ணும் பிரிக்கறது இல்ல தம்பி, அப்படியே தோங்ல போட்டுடுவோம். மத்ததெல்லாம் ஜெஞ்சாரோம்ல ஸ்டெல்லா பாத்துக்கறாங்க. அங்க போயி கேளுங்க," என்றார். தோங் என்பது எங்கள் ஊர்களில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பிரிக்ஃபீல்ட்ஸ் கிள்ளானைக் காட்டுகிறது, கிள்ளான் ஜெஞ்சாரோமைக் காட்டுகிறது. கூட்டமைப்பு என்றால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவது போலிருக்கிறது.

நல்லவேளையாக நாலே முக்காலுக்குக் குமார் அண்ணன் லோரியோடு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் தோங்குகளை ஏற்றிக்கொண்டு, இங்கே உள்ளதையும் எடுத்துக்கொண்டு ஜெஞ்சாரோம் போகிறவர். முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். முப்பது கிலோமீட்டர் தூரம் அவர் பேசியதெல்லாம் பந்தாட்டம். இலையைப் பற்றி நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "எனக்கு நாத்தம் மட்டும்தான் தெரியும் பாஸ்," என்று முடித்துவிட்டார்.

ஆறு மணிவாக்கில் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மண் பாதைக்குள் திரும்பினோம். (மழைக்காலத்தில் போகிறவர்கள் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். என் செருப்பில் ஒன்று இன்னமும் அங்கேதான் இருக்கிறது.) தகரக் கொட்டகையின் கீழ் ஓர் அம்மாள் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் கையுறையோடு ஓர் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து, உள்ளே கிடந்ததைப் பொறுக்கி, ஒரு வாளியில் போட்டு, அடுத்த இலையை எடுத்தார். பக்கத்தில் இலை நறுக்கும் மெஷின் வாயைத் திறந்தபடி நின்றது.

அவர்தான் ஸ்டெல்லா அக்கா. பூச்சோங்கில் ஏதோ தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு, வேலையை விட்டு இதை ஆரம்பித்தவர். வீடியோவில் நான் பார்த்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"யாரு, ஈப்போ தம்பியா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க. சனிக்கிழமையோட இதை மூடப் போறேன்."

ஏன் என்று கேட்டேன். அவர் வாளியை என் பக்கம் தள்ளினார். டிஷ்யூ, ஈர டிஷ்யூ உறை, ஸ்ட்ரா, தயிர்க் கிண்ணத்தின் மூடி, மருந்து மாத்திரை அட்டை, பல் குத்தும் குச்சி.

"சாப்பிட்டு முடிச்சு எல்லாத்தையும் இலைக்குள்ள வச்சு மடிச்சிடறாங்க. வெளிய பார்த்தா அழகா இருக்கும். ஒருநாள் ஒரு செட்டு பல்லே வந்துச்சு தம்பி. யாரும் தேடி வரல. மடிச்ச இலையை அப்படியே மெஷின்ல விட்டா பிளேடு சிக்கிக்குது. உரத்துல பிளாஸ்டிக் துணுக்கு கெடக்குன்னு டெங்கில்காரரு மூட்டையைத் திருப்பி அனுப்பிட்டாரு. நான் ஒருத்தி ஒக்காந்து எத்தன இலையைப் பிரிக்கறது? பக்கத்துல அன்னாசி போடறவரு இடம் கேக்கறாரு. குடுத்துட்டுப் போறேன்."

"கூட்டமைப்பு வாட்ஸ்அப் குரூப்ல சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேனே. எல்லாரும் கைகூப்பற படம் போட்டாங்க."

நானும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. குமார் அண்ணன் கொண்டுவந்த பிரிக்ஃபீல்ட்ஸ் தோங்கைத் திறந்து பிரிக்கத் தொடங்கினோம். ஏழெட்டு இலை போயிருக்கும். அடுத்ததைப் பிரித்தேன். நண்டு ஓட்டுக்கு நடுவில், மசாலா பூசிக்கொண்டு, என் பெயர் இருந்தது. கீழே என் கடை விலாசம். திருப்பினால் 'இலவசக் கண் பரிசோதனை'. காலையில் நான் இரண்டு கையாலும் நீட்டிய கார்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்து வட்டாரக் கூட்டுறவு பேசிய மூவரில் ஒருவர் கையால் மடிக்கப்பட்டு, என்னோடு அதே லோரியில் வந்திருக்கிறது.

ஸ்டெல்லா அக்கா அதை வாங்கிப் பார்த்தார். அன்று முதல்முறையாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் மூடிக்கிடந்த ஜன்னலும், தம்புன் நண்பரின் முகமும்தான் கண்முன் வந்தன. ஊரில் போய் என்ன சொல்வது? போர்த்திய பொன்னாடையைக் காட்டுவதா?

கிள்ளான் தோங்கை அடுத்துத் திறந்தோம். அதில் இலையும் சோறும் எலும்பும் தவிர ஒன்றுமில்லை. "இது எப்பவுமே சுத்தமா வரும்," என்றார் அக்கா. "கிள்ளான்காரங்களுக்கு ஒழுக்கம் ஜாஸ்தின்னு நெனச்சிக்கிட்டேன்." நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றிரவு கிள்ளானில் தங்கினேன். அறை வாடகை 90 வெள்ளி, கொசு இலவசம். விடுதிக்காரர் வெந்நீர் உண்டு என்றது பொய்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா அக்கா தன் வேனில் வந்தார். வாளியையும் கொண்டுவந்திருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் போய் ராஜன் அங்கிள் முன்னால் அதை வைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வதாகத் திட்டம். அதற்கு முன் ஒரு தோசை சாப்பிடலாமே என்று அமுதா அக்கா கடைக்கு அழைத்துப் போனேன். வாசலில் ஸ்டெல்லா அக்கா தயங்கி நின்றார். "இங்க நான் வந்ததே இல்ல தம்பி. தோங் மட்டும்தான் தெரியும்."

தோசை வந்தது, சாப்பிட்டோம். கையைத் துடைத்து டிஷ்யூவை டின்னுக்குள் போடப் போன ஸ்டெல்லா அக்காவின் கை பாதியில் நின்றது. டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு டின். எல்லா மேசையிலும் ஒரு டின். நேற்று நான் மனசுக்குள் திட்டிய அதே துருப்பிடித்த டின்.

"அமுதா, இதை எதுக்கு வச்சீங்க?"

"அதுவா? காத்தாடி போட்டா டிஷ்யூ எல்லாம் பறந்து அடுத்தவங்க சாம்பார்ல விழுது. ஒருநாள் பெரிய சண்டையே ஆயிடுச்சு. அதான். ஏன், நல்லா இல்லையா?"

"இதை ஏன் குரூப்ல சொல்லல நீங்க?" என்று நான் கத்தியேவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"பால் டின்னைப் பத்தி என்னா தம்பி சொல்றது? அதுல எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசறாங்க."

ராஜன் அங்கிள் கடைக்கு ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா என்று அமுதா அக்காவிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நானே கடை வச்சிருக்கேன், இன்னொருத்தர் கடையில போயி ஒக்காந்து சாப்பிட்டா பாக்கறவங்க என்னா நெனப்பாங்க? நம்ம கடை சாப்பாடு சரியில்லைன்னுதானே?" ராஜன் அங்கிளும் இங்கே வந்ததில்லை, அதே காரணத்துக்காக. முப்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே குழுவில், ஒரே ஜெஞ்சாரோமுக்கு இலை அனுப்பிக்கொண்டு, ஒருவர் மேசையில் இன்னொருவர் உட்காராமலேயே இத்தனை நாளை ஓட்டியிருக்கிறார்கள். வெறுத்துப் போய்விட்டது எனக்கு.

அமுதா அக்கா எங்களோடு வர மறுத்துவிட்டார். கடையிலிருந்து ஒரு டின்னை மட்டும் கழுவிக் கொடுத்தார்.

ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசல் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. வெள்ளிக்கிழமை போகவே போகாதீர்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகிப் பதினொன்றரைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் சேர்ந்தோம். ஸ்டெல்லா அக்கா நேரே உள்ளே போய் வாளியைக் கல்லா மேசைமேல் வைத்தார். நான் கழுவாத என் கார்டை அதன்மேல் வைத்தேன்.

ராஜன் அங்கிள் கார்டைப் பார்த்துச் சிவந்துபோனார். ஆனால் இலையை மூடாதீர்கள் என்று சொல்லத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். "அது மட்டும் முடியாதும்மா. மூடினாத்தான் சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். தொறந்து போட்டுட்டுப் போனா நம்ம சமையல்காரரு அழுதுடுவாரு."

"மூடட்டும் அங்கிள். மூடறதுக்கு முன்னால குப்பையை இதுல போடட்டும்," என்று டின்னை வைத்தார் ஸ்டெல்லா அக்கா.

ராஜன் அங்கிள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்ல ஐடியாதான் லா! நம்ம லோகோ போட்டு அடிச்சிடலாம். அடுத்த மாசம் ஒரு சின்ன விழா மாதிரி வச்சு..."

"நாளைக்குச் சனிக்கிழமை," என்றார் ஸ்டெல்லா அக்கா. அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் கலக்கும் இடத்தின் கீழே ஒரு சாக்கு நிறையக் காலி பால் டின்கள் கிடந்தன. தினமும் தூக்கி எறிகிற டின்கள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவ உட்கார்ந்தேன். தே தாரிக் போடும் அண்ணன் விளிம்பைத் தட்டி மழுக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ராஜன் அங்கிள், முழுக்கைச் சட்டையின் கையை மடித்து, டின்களை ஒவ்வொரு மேசையாக வைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்குக் கூட்டம் வந்தது. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. டிஷ்யூவைப் போட்டார்கள், இலையை மூடினார்கள், போனார்கள்.

சனிக்கிழமை மாலை ஈப்போவில் கடையில் இருந்தபோது ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். "பிரிக்ஃபீல்ட்ஸ் தோங்கைப் பிரிச்சுப் பார்த்தேன் தம்பி. ரெண்டு ஸ்ட்ரா இருந்துச்சு. அன்னாசிக்காரர்கிட்ட இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்." பேசிக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அன்றிரவே ராஜன் அங்கிள் டின்னோடு நிற்கும் படம் குழுவில் வந்தது, 'நமது புத்தாக்கம்' என்ற தலைப்போடு. எல்லாரும் கைகூப்பினார்கள், அமுதா அக்கா உட்பட. கோபத்தில் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன். "போட்டுட்டுப் போகட்டும் விடுங்க, தோங் சுத்தமா வருதுல்ல," என்று வைத்துவிட்டார்.

இதே வேலையாக யாராவது போவதாக இருந்தால்: செவ்வாய், புதனில் போங்கள். ரயில் போக வர 92, கொமுட்டர், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 250 வெள்ளிக்குள் முடியும். செருப்பு தனி. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மறுத்துவிட்டு நேரே லோரியில் ஏறுங்கள். எங்கே சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுங்கள், வயிறு இடம் கொடுக்காவிட்டாலும். இந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு டின் கண்ணில் படவில்லை என்று மாலா சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறாள், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் ஆறு கடைக்காரர்களும் முதலில் கேட்டது, வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதைத்தான். குழுவே வேண்டாம் என்றேன். ஆளுக்கு ஒருநாள் அடுத்தவர் கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் கூட்டம் என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார்கள். ஒரு வாரம் கெஞ்சியபிறகு, கோடிக் கடை மணியம் அண்ணன் மட்டும் எதிர்க்கடைக்கு வந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாக உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். முடித்ததும் டிஷ்யூவை, நான் கொண்டுபோய் வைத்திருந்த டின்னில் போட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார். கல்லாவில் இருந்த எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்தார். மறுநாள் அவர் மணியம் அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஆறில் நான்கு கடையின் தோங்குகள் இப்போது தம்புனுக்குப் போகின்றன. இரண்டு கடை இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இதை எழுதும்போது மாலா திரையைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். நாற்றம் முழுக்கப் போகவில்லை. மூடிடட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.